உயரம் தரும் கைமாற்று: மலைக்காற்றும் நெடுந்தொலைவு வீரரும்

பனி என்ற ஒரே சொல்லால் தமிழ் பலவற்றைக் குறிக்கிறது. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, மலைப்பாதையை மூடி மறைப்பதும் பனி. பழைய இலக்கணம் ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி என இரண்டை அதற்கே ஒதுக்கியது. ஆனால் காலில் நீண்ட பலகையைப் பூட்டிக்கொண்டு 50 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும் அளவுக்குக் கொட்டிக் குவியும் பனி தமிழ் நிலத்தில் இல்லை. தை மாதத்து இரவுகளில் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் மன்னவனூர்ப் புல்வெளியிலும் படிவது உறைபனி. வெயில் ஏறினால் அதுவும் கரைந்துவிடும்.

அப்படிப்பட்ட மலைக்கும் கிராஸ் கண்ட்ரி ஸ்கீயிங் எனப்படும் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்குக்கும் என்ன உறவு? அந்த உறவைக் காற்றில் தேடவேண்டும். ஸ்வீடனின் தேசிய அணிகளை 1967இல் அளந்து பார்த்த பெங்த் சால்ட்டினும் பெர்-ஓலோஃப் ஆஸ்ட்ராண்டும், உடலுக்குள் அதிக அளவு ஆக்சிஜனை இழுத்துப் பயன்படுத்தும் திறனில் பனிச்சறுக்கு வீரர்கள் முன்வரிசையில் நிற்பதைக் கண்டார்கள். கையும் காலும் ஒரே நேரத்தில் உழைக்கும் விளையாட்டு அது. ஏற்றத்தில் மூச்சு முட்டும், இறக்கத்தில் சற்று ஆறும், மீண்டும் ஏற்றம் வரும். இந்த ஆக்சிஜன் கணக்கில் மலை உயரத்துக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியைப் பனிச்சறுக்கு உலகம் ஓட்டப்பந்தய உலகத்தோடு சேர்ந்து நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது.

கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையில் உள்ள அதே 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவான அழுத்தமே அங்கு இருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குச் சேரும் ஆக்சிஜனும் குறைகிறது. இந்தக் குறை வீரரை வளர்க்குமா, தளர்த்துமா? இதுவரை சொல்லப்பட்ட விடைகளையும் அவற்றின் வலுவையும் ஓட்டைகளையும், அவற்றில் எது பழனி மலைக்குப் பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

பகையாக இருந்த உயரம்

மலைவாசம் உடலுக்கு நல்லது என்ற எண்ணம் கொடைக்கானலின் பிறப்பிலேயே இருக்கிறது. மதுரையில் நோய்க்குப் பலரை இழந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கே வீடு கட்டிக்கொண்டது குளிர்காற்று காப்பாற்றும் என்ற நம்பிக்கையில்தான். அதே காலத்து மருத்துவம் இதற்கு நேரெதிரான கருத்தையும் வளர்த்தது. மெக்சிகோவில் தொழில்செய்த பிரெஞ்சு மருத்துவர் டெனி ஜூர்தானே, உயர்நிலத்தில் வாழ்பவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, அவர்கள் ஒருவகைச் சோகை நோயாளிகள் என்று 1860களில் எழுதினார். அவருடைய உதவியோடு ஆய்வு செய்த போல் பெர்ட், 1878இல் வெளியான தம் பெரிய நூலில், மலைநோய்க்குக் காரணம் ஆக்சிஜனின் அழுத்தக் குறைவே என்று நிறுவினார்.

இந்தப் படத்தை மாற்றியவர் பிரான்சுவா வியோ. 1890இல் பெருவின் மொரொகோச்சா சுரங்க ஊருக்குச் சென்ற அவர், மூன்று வாரங்களுக்குள் தம் ரத்தத்தில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியதைக் கண்டார். உயரத்தில் உடல் வெறுமனே தவிப்பதில்லை, பற்றாக்குறையை ஈடுகட்ட முயல்கிறது என்பது அப்போது தெளிவானது. சிறுநீரகத்தில் சுரக்கும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது என்ற விளக்கம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது.

விளையாட்டு உலகம் இதை உரக்கப் பேசத் தொடங்கியது 1968இல். அந்த ஆண்டு ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரின் உயரம் 2,240 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். குறுந்தொலைவு ஓட்டங்களிலும் தாண்டுதலிலும் பழைய சாதனைகள் முறியடிக்கப்பட்டன, நெடுந்தொலைவில் நேரங்கள் மந்தமாயின. 10,000 மீட்டரில் கென்யாவின் நஃப்தாலி தெமு, 1,500 மீட்டரில் கிப்சோகே கெய்னோ, மாரத்தானில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே ஆகியோர் தங்கம் வென்றார்கள். உலக சாதனைகளைக் குவித்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் 10,000 மீட்டர் முடிவில் மயங்கி விழுந்தார். மலையில் பிறந்தவருக்கு மலை துணை நிற்கும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. ஆனால் அந்தப் போட்டி காட்டியது, உயரத்தில் ஓட உயரத்துக்குப் பழகியிருக்கவேண்டும் என்பதை மட்டுமே. உயரத்தில் பழகியவர் சமவெளியிலும் வெல்வாரா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதே பின்னாளில் எழுந்த பல வாதங்களின் கோளாறு.

முதல் விடை: மேல்மலையில் உறங்கி, கீழ்மலையில் ஓடு

1970, 80களில் வீரர்களை மலைக்கு அழைத்துச் சென்று அங்கேயே பயிற்சியும் அளித்தார்கள். பலன் சீராக இல்லை. ரத்தம் கூடினாலும் மெல்லிய காற்றில் பயிற்சியின் வேகம் குறைந்தது. வேகமாக ஓடப் பழகாத கால் சமவெளிக்குத் திரும்பியதும் வேகத்தை எட்டவில்லை. ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்கிக்கொண்டது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பெஞ்சமின் லெவைனும் ஜேம்ஸ் ஸ்ட்ரே-குண்டர்சனும். 39 ஓட்டக்காரர்களைக் கொண்டு அவர்கள் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், 2,500 மீட்டரில் தங்கி 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி செய்த குழு மட்டுமே சமவெளியில் முன்னேறியது. 5,000 மீட்டர் ஓட்டத்தில் சராசரி 13 விநாடி குறைந்தது. உயரத்தில் வசி, தாழ்வில் உழை என்ற கொள்கை உலகப் பயிற்சியாளர்களின் பாடமானது. உயர்ந்த மலை இல்லாத பின்லாந்தில் ஹெய்க்கி ருஸ்கோவும் உடனுழைத்தவர்களும் நைட்ரஜன் கலந்த காற்றால் ஆக்சிஜனைக் குறைத்து, உயரத்தைப் போலிசெய்யும் வீடுகளை 1990களில் அமைத்தார்கள். பனிச்சறுக்கு வீரர்கள் பகலில் தாழ்நிலத்தில் பயிற்சி செய்து இரவில் அந்த வீட்டில் உறங்கினார்கள்.

இந்தக் கொள்கையைப் பழனி மலையின் பேச்சில் சொல்ல மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி ஆகிய ஊர்கள் உள்ள பகுதி மேல்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் என்று காப்பியும் மிளகும் விளையும் பகுதி கீழ்மலை. மேல்மலையின் பெரும்பகுதி 1,900 மீட்டருக்கு மேல். தாண்டிக்குடி சுமார் 1,300 மீட்டர். லெவைன் ஆய்வின் மேல்மட்ட உயரத்தை எட்டாவிட்டாலும், அதைப் போன்ற இரு மட்டங்கள் ஒரே தாலுகாவில் கிடைக்கின்றன.

எத்தனை உயரம் போதும் என்பதற்கும் ஒரு விடை வந்தது. ராபர்ட் சாப்மேனும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி ஓட்டக்காரர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து 1,780, 2,085, 2,454, 2,800 மீட்டர்களில் நான்கு வாரம் தங்கினார்கள். பயிற்சி எல்லாருக்கும் பொது. சமவெளிக்குத் திரும்பி ஓடியபோது நடு இரு குழுக்கள் மட்டுமே மேம்பட்டிருந்தன. மிகத் தாழ்வும் பயனில்லை, மிக உயரமும் பயனில்லை. பயன்தரும் இடைவெளியின் கீழ்விளிம்பை ஒட்டியே கொடைக்கானல் இருக்கிறது.

அந்த விடையின் ஓட்டைகள்

இதுவரை கேட்டால் வழக்கு முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் இந்த ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் ஒரு சிக்கல் உண்டு. தாம் மலையில் இருக்கிறோம் என்பது வீரருக்குத் தெரியும். மலை நல்லது என்று நம்பி, கூட்டாளிகளோடு முகாமிட்டு, வேறு வேலையின்றி உண்டு உறங்கிப் பயிற்சி செய்தால் உயரமே இல்லாவிட்டாலும் முன்னேற்றம் வரக்கூடும்.

இதைச் சோதிக்க கிறிஸ்டோஃப் சீபன்மன், கார்ஸ்டன் லுண்ட்பி ஆகியோரின் குழு 16 சைக்கிள் வீரர்களை நான்கு வாரம் அறைகளில் நாளொன்றுக்கு 16 மணி நேரம் தங்கவைத்தது. சிலர் அறையில் 3,000 மீட்டர் உயரத்துக் காற்று, மற்றவர்கள் அறையில் சாதாரணக் காற்று. எது யாருக்கு என்பது வீரருக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. 2012இல் வெளியான முடிவில் ஹீமோகுளோபினின் மொத்த அளவிலோ திறனிலோ உயரக் குழு முந்தவில்லை. குழு சிறியது, ஏற்கெனவே ரத்தம் செறிந்த வீரர்களுக்குக் கூடுவதற்கு இடமில்லை என்று எதிர்வாதம் வந்தது. கிறிஸ்டோஃபர் கோர் முதலானோர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல், தகுந்த உயரத்தில் ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் ஹீமோகுளோபின் மொத்தம் சராசரியாக 1.1 விழுக்காடு கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். இரு தரப்பும் இன்னும் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன.

சராசரிக்குள் தனிமனித வேறுபாடு மறைந்துகிடப்பது இரண்டாவது ஓட்டை. சாப்மேனின் 1998 ஆய்வு, ஒரே உயரத்தில் ஒரே பயிற்சி செய்தவர்களில் சிலருக்கு எரித்ரோபொயட்டின் நன்கு சுரந்து பலன் வந்ததையும் சிலருக்கு அப்படி வராததையும் காட்டியது. உடலில் இரும்புச்சத்து குறைந்தவர் மலைக்குப் போனால், செங்கல் இல்லாமல் கொத்தனாரை அழைத்த கதைதான். ரத்தசோகை பரவலாக உள்ள நம் நாட்டில், குறிப்பாக இளம்பெண்கள் விஷயத்தில், இது சிறிய செய்தி அன்று.

மூன்றாவது ஓட்டை காலம். மலையில் கூடியது மலையிறங்கிய சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. தேவைக்கு மிஞ்சிய சிவப்பணுக்களை உடல் வைத்துக்கொள்வதில்லை. உயரம் தருவது கைமாற்று. குறித்த நாளுக்குள் திருப்பித் தரவேண்டிய அந்தக் கடனைப் போட்டி நாளோடு பொருத்தத் தெரிந்தவருக்கே அதனால் ஆதாயம்.

இரண்டாம் விடை: பிறவி

மலைக்குப் போய்வருவதில் என்ன இருக்கிறது, எல்லாம் பிறப்பில் இருக்கிறது என்பது அடுத்த தரப்பு. அதற்கு மிக வலுவான சான்று ஒரு பனிச்சறுக்கு வீரர். பின்லாந்தின் ஈரோ மந்துரந்தா 1960, 64 ஒலிம்பிக்குகளில் மூன்று தங்கம் வென்றவர். அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் வழக்கத்தைவிட மிக அதிகம் இருந்ததால் சந்தேகமும் அவரைத் தொடர்ந்தது. 1993இல் ஆல்பர்ட் த லா ஷப்பெல் குழு அவருடைய குடும்பத்தை ஆராய்ந்தபோது, எரித்ரோபொயட்டினை ஏற்கும் புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் தலைமுறைகளாக வருவது தெரிந்தது. அவருடைய உடல் எப்போதும் மலையுச்சியில் இருப்பதுபோல ரத்தம் உற்பத்தி செய்தது.

இந்தச் சான்றின் பலவீனமும் அதே குடும்பத்தில் இருக்கிறது. அந்த மாற்றம் கொண்ட உறவினர் இருபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. பிறவி கதவைத் திறக்கலாம், உள்ளே நடந்து போகவேண்டியவர் வேறு.

கென்ய ஓட்டக்காரர்களை 1990களில் ஆராய்ந்த சால்ட்டின், அவர்களுடைய ஆக்சிஜன் கொள்திறன் ஸ்காண்டிநேவிய முன்னணி வீரர்களைவிட வியக்கத்தக்க அளவு அதிகம் இல்லை என்றும், குறித்த வேகத்தில் ஓடக் குறைவான ஆக்சிஜனே செலவாவதே அவர்களின் பலம் என்றும் கண்டார். மெலிந்த கெண்டைக்காலும் சிறுவயதிலிருந்தே ஓடிய பழக்கமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. முன்னது பிறவி, பின்னது வாழ்க்கை, இரண்டையும் பிரித்தெடுப்பது எளிதன்று. திபெத்தியர்களை ஆராய்ந்தவர்கள் இன்னொரு புதிரையும் காட்டினார்கள். பல ஆயிரம் ஆண்டு உயரவாழ்வு அவர்களின் ரத்தத்தைத் தடிக்கச் செய்யாமல், அதிகம் தடித்துவிடாதபடி காக்கும் மரபணு வகைகளையே தேர்ந்திருக்கிறது. மலைவாழ்வு என்றாலே மிகுந்த ரத்தம் என்ற எளிய சூத்திரம் இங்கே உடைகிறது. மேல்மலை ஊர்கள் திபெத்தின் பாதி உயரம்கூட எட்டாதவை. அங்கே பிறப்பதே ஒரு வரம் என்று சொல்ல ஆதாரம் போதாது.

மூன்றாம் விடை: பழக்கம்

பிறவியும் உயரமும் சேர்ந்திருந்தும் போதாமல் போன ஒருவரின் கதை பனிச்சறுக்கு வரலாற்றில் உண்டு. கென்யாவின் பிலிப் பாய்ட் 800 மீட்டர் ஓட்டக்காரர். அவர் பிறந்த எல்டோரெட் வட்டாரத்தின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர், கொடைக்கானலைப் போன்றது. ஒரு காலணி நிறுவனத்தின் ஆதரவில் 1996இல் பின்லாந்துக்குச் சென்று, வாழ்வில் முதன்முறையாகப் பனியைக் கண்டு பயிற்சி பெற்றார். 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் போட்டியைக் கடைசியாக, 92ஆவது இடத்தில் முடித்தார். வென்ற நார்வே வீரர் பியோர்ன் டேலியைவிட 20 நிமிடம் பின்தங்கியிருந்தார். டேலி எல்லைக்கோட்டில் காத்திருந்து அவரைத் தழுவிக்கொண்டது உலகப் புகழ்பெற்ற காட்சி. பாய்ட் தம் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார். 2002இலும் 2006இலும் மீண்டும் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்.

அவருடைய நுரையீரலில் குறை இல்லை. பனியில் எடையை ஒரு பலகையிலிருந்து மறு பலகைக்கு மாற்றும் நுட்பமும், ஏற்றத்தில் கைத்தடியை ஊன்றும் தாளமும், பனியின் தன்மைக்கேற்ப மெழுகு தேர்ந்தெடுக்கும் அறிவும் குழந்தைப் பருவத்திலிருந்து ஊறவேண்டியவை. அதிக ஒலிம்பிக் பதக்கம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை மரிட் பியோர்கனின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை, 20 வயதில் ஆண்டுக்கு 522 மணி நேரமாக இருந்த அவருடைய பயிற்சி 35 வயதில் 940 மணி நேரமாக வளர்ந்ததைக் காட்டுகிறது. அதில் பெரும்பகுதி மூச்சு வாங்காத நிதான வேகத்தில் செய்தது. ஏறத்தாழ நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம், விடுப்பில்லாமல். அந்த அளவை எட்டவே பதினைந்து ஆண்டு. உயர முகாம்களும் அதில் உண்டு. அவை பெருங்கணக்கின் ஒரு வரி மட்டுமே.

இந்தத் தரப்பும் முழு விடை ஆகாது. அதே அளவு உழைத்தும் பதக்க மேடையை நெருங்காதவர்கள் ஏராளம். அவர்களின் குறிப்பேடுகளை யாரும் கட்டுரையாக்குவதில்லை. வென்றவரை மட்டும் பார்த்து உழைப்பை அளப்பது, கரைசேர்ந்த படகுகளை மட்டும் எண்ணிக் கடலின் குணத்தைச் சொல்வது போன்றது.

நான்காம் விடை: ஏற்பாடு

உடலை விட்டு வெளியே வந்து, வீரரைச் சுற்றியுள்ள ஏற்பாட்டைப் பார்க்கச் சொல்வது நான்காம் தரப்பு. இந்தியப் பனிச்சறுக்கின் கதை இதற்குச் சாட்சி. குளிர்கால ஒலிம்பிக்கின் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் 2006இல் பகதூர் குப்தா, 2010இல் தாஷி லுண்டுப், 2014இல் நதீம் இக்பால், 2018இல் ஜகதீஷ் சிங் கலந்துகொண்டார்கள். 2018இல் 15 கிலோமீட்டரில் ஜகதீஷ் சிங் பெற்ற இடம் 103. இக்பாலும் ஜகதீஷும் ராணுவத்தினர். குல்மார்க்கில் உள்ள ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி நெடுங்காலமாக இவ்விளையாட்டின் நாற்றங்கால். சம்பளமும் சாப்பாடும் பனியும் ஒரே இடத்தில் கிடைக்கும் வேறு வழி இந்தியாவில் அரிது.

குல்மார்க்கின் உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர், இன்னொரு பனிச்சறுக்குத் தலமான ஔலி 2,500 மீட்டருக்கு மேல். பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பொதுவிதி, நெடுந்தொலைவுப் போட்டித் தடம் 1,800 மீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆக, இந்திய வீரரிடம் உயரம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. இல்லாதது வேகம் பழகத் தாழ்வான பனித்தடம். பனியே கொட்டினாலும் கொடைக்கானலும் அந்த விதிக்குள் அடங்காது. உயரமே விடை என்றால் இந்தியா எப்போதோ பதக்கம் வாங்கியிருக்கவேண்டும்.

பனியில்லாத தென்னகத்திலிருந்து அந்தத் தடத்துக்குப் போனவர் பவானி தெக்கட நஞ்சுண்டா. குடகு மண்ணில் பிறந்து, மலையேற்றத்தின் வழியே பனிச்சறுக்குக்கு வந்தவர். 2025இல் சிலி நாட்டின் கொர்ரால்கோவில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் 5 கிலோமீட்டரில் வெண்கலம் வென்றார். காப்பி விளையும் குடகிலிருந்து ஒருவர் வந்தது, காப்பி விளையும் கீழ்மலைக்கும் சேதி சொல்கிறது. அவரைத் தூக்கி நிறுத்தியது ஊரின் உயரம் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பனியில் மாதக்கணக்கில் பழக ஒருவருக்கு வழி கிடைத்ததுதான் அங்கே முதன்மை.

தமிழ்நாட்டின் ஓட்டப்பந்தய வரைபடமும் இதையே சொல்கிறது. 2017 ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற கோ. லட்சுமணன், 2016 தெற்காசியப் போட்டியில் அதே இரண்டிலும் தங்கம் வென்ற லோ. சூர்யா, 2006 ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளியை ஓடி வென்று பின் பாலினச் சோதனையால் இழந்த சாந்தி சௌந்தரராஜன் ஆகிய மூவரும் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள். வறண்ட சமவெளி அது. மலையே ஓட்டக்காரரைப் பெற்றெடுக்கும் என்றால் இந்தப் பெயர்கள் நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்திருக்கவேண்டும். உயரத்தை அவர்கள் பிறகு தேடிப் போனார்கள். தேசிய முகாம்கள் ஊட்டியில் நடந்ததுண்டு. முதலில் கிடைத்தது உள்ளூர்ப் பயிற்சியாளரும் ஓட விரும்பிய பிள்ளைகளின் கூட்டமும்.

ஏற்பாடு கைவிடும்போது சரிவும் வேகமாக வருகிறது. சாந்தியிடமிருந்து பதக்கம் மட்டுமா போனது, ஓட்ட வாழ்வே முடிந்தது. லட்சுமணன் 2018 ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், தடத்துக்குள் கால் வைத்ததாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். எந்த ஹீமோகுளோபின் கணக்கிலும் இவை வராது.

குறுக்குவழியும் விலையும்

மலை மெதுவாகத் தருவதை ஊசி உடனே தரும் என்று தெரிந்தபோது பனிச்சறுக்கு உலகமே அதிர்ந்தது. செயற்கை எரித்ரோபொயட்டின் 1980களின் இறுதியில் மருந்தாக வந்தது. 2001இல் லஹ்தி உலகப் போட்டியில், சொந்த மண்ணில் ஓடிய பின்லாந்து வீரர்கள் ஆறு பேர் ரத்தச் செறிவை மறைக்கும் திரவத்தைப் பயன்படுத்திப் பிடிபட்டார்கள். 2002இல் ஸ்பெயினுக்காக ஓடிய யோஹான் முலெக்கின் தங்கங்கள் பறிபோயின. 2006 டுரின் ஒலிம்பிக்கின் தொடக்கத்தில் ஹீமோகுளோபின் வரம்பைத் தாண்டியதற்காக 12 பேர் ஐந்து நாள் நிறுத்திவைக்கப்பட்டனர். 2019இல் ஸேஃபெல்ட் உலகப் போட்டியின்போது ரத்தமேற்றல் கும்பலே பிடிபட்டது.

இதன் நிழல் உயரப் பயிற்சி மீதும் விழுந்தது. ஊசி தவறென்றால் நைட்ரஜன் வீடு எப்படிச் சரி? உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2006இல் இதை ஆராய்ந்து, செயற்கை உயரத்தைத் தடைப்பட்டியலில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. நார்வே விளையாட்டுக் கூட்டமைப்போ தன் வீரர்களுக்கு அதை நெடுங்காலம் தடுத்திருந்தது. மலையருகே பிறந்தவருக்குக் கிடைப்பதைச் சமவெளிக்காரர் அறையில் பெறுவது நியாயம் என்பது ஒரு தரப்பு. பணமுள்ள அணிக்கே அந்த அறை கிடைக்கும் என்பது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு.

நேர்வழியில் போனாலும் உடல் விலை கொடுக்கிறது. உறைகாற்றை லிட்டர் லிட்டராக இழுப்பதால் மூச்சுக்குழல் காய்ந்து எரிகிறது. 1993இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, முன்னணி வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஆஸ்துமா அறிகுறிகளைக் கண்டது. 90 கிலோமீட்டர் வாசாலோப்பெட் போட்டியில் கலந்துகொண்ட 52,755 பேரைத் தொடர்ந்த 2013 ஆய்வு, அதிக முறை ஓடியவர்களுக்கும் வேகமாக ஓடியவர்களுக்கும் இதயத் துடிப்புக் கோளாறு சற்று அதிகம் என்றது. அதே போட்டியாளர்களை முன்னர் ஆராய்ந்தவர்கள், பொதுமக்களைவிட அவர்களின் இறப்பு விகிதம் குறைவு என்றும் காட்டியிருந்தார்கள். ஏற்றமும் இறக்கமும் ஒரே உடலில் சேர்ந்தே எழுதப்படுகின்றன.

பழனி மலையால் என்ன ஆகும்?

இத்தனை விடைகளையும் வைத்துப் பார்த்தால் கொடைக்கானலுக்கு ஓர் எல்லைக்குட்பட்ட பங்கு இருக்கலாம். உயரம் பயன்தரும் அளவின் விளிம்பில் இருக்கிறது. மேல்மலை, கீழ்மலை என்ற இரு மட்டங்கள் இயற்கையாகவே அமைந்திருக்கின்றன. பனிச்சறுக்கு வீரர்கள் கோடையில் தார்ச்சாலையில் சக்கரம் பூட்டிய பலகையில்தான் பழகுகிறார்கள். மலைச்சாலையின் நீண்ட ஏற்றங்கள் அதற்கு ஏற்றவை.

தடைகளும் அதே மலையில்தான். சமதளச் சாலை என்று சொல்லக்கூடியது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஏரிச் சுற்றுப்பாதையே. அதுவும் குதிரைகளுக்கும் வாடகை சைக்கிள்களுக்கும் இடையில். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றுலா வண்டிகளின் நெருக்கடி அதிகமாகி, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024இல் இ-பாஸ் முறையே வந்தது. மேல்மலையிலிருந்து கீழ்மலைக்கு வரைபடத்தில் தூரம் குறைவு, பேருந்தில் மணிக்கணக்கு. நாள்தோறும் இறங்கி ஏறினால் அந்தக் களைப்பே பயிற்சியைத் தின்றுவிடும். வாரத்தில் ஓரிரு நாள் வேகப் பயிற்சிக்கு மட்டும் இறங்குவது நடைமுறைக்கு நெருக்கமானது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கோடைக் கூட்டம் வருவதற்கு முந்தைய தை முதல் பங்குனி வரையிலான மாதங்கள் பொருத்தமாகத் தெரிகின்றன.

மதிப்பீடு

உயரம் பற்றிய முதல் விடையைத் தள்ள முடியாது. சீபன்மன் குழுவின் ஆய்வு மறுத்தாலும், ரத்தம் கூடுகிறது என்பதற்குச் சான்று வலுவானது. அந்தக் கூடுதல் போட்டியில் எத்தனை விநாடியாக மாறுகிறது என்பதே சர்ச்சை. பிறவி பற்றிய விடை ஓரிரு அபூர்வ உடல்களை விளக்குகிறது, பதக்கப் பட்டியலை விளக்கவில்லை. பழக்கம் பற்றிய விடை பாய்ட்டின் தோல்வியையும் பியோர்கனின் வெற்றியையும் விளக்குகிறது, சமமாக உழைத்தவர்களிடையே உள்ள வேறுபாட்டை விளக்கவில்லை. ஏற்பாடு பற்றிய விடை இந்தியச் சூழலுக்கு மிக நெருங்கி வருகிறது. ஆனால் அதை ஆய்வகத்தில் அளக்க இயலாது என்பதால் அறிவியல் கட்டுரைகளில் அதற்கு இடம் குறைவு.

திறந்துள்ள கேள்விகள் மூன்று. 2,100 மீட்டர் போன்ற மிதமான உயரத்தில், தெரிந்து தங்குவதன் மனவிளைவைக் கழித்தபின் மிஞ்சும் பலன் எவ்வளவு? இரும்புச்சத்துக் குறைவு பரவலாக உள்ள சூழலில் முதலில் தேவை முகாமா, சத்துணவா? வெப்பச் சமவெளியில் வளர்ந்த உடல் குளிர்மலைக்குப் போகும்போது, வெப்பத்துக்குப் பழகியதால் பெற்ற ஆதாயத்தை எவ்வளவு இழக்கிறது? ஐரோப்பிய, அமெரிக்க ஓட்டக்காரர்களை வைத்துப் பெற்ற எண்களை அப்படியே எடுத்துப் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பொருத்துவது சரியாகாது. ஒரே பயிற்சியாளரின் மாணவர்களை மேல்மலையில் பாதி, சமவெளியில் பாதி என்று நான்கு வாரம் வைத்து, முன்னும் பின்னும் அளந்தால்கூடச் சில கேள்விகள் தெளியும்.

அதுவரை சொல்லக்கூடியது இவ்வளவு. கைமாற்று வாங்கித் தொழிலில் போட்டுப் பெருக்க முதலில் ஒரு தொழில் இருக்கவேண்டும். சத்தான உணவும் நிலையான பயிற்சியாளரும் வேலைப் பாதுகாப்பும் விழும்போது தாங்கும் கையும் வாய்த்த வீரருக்கு மேல்மலையில் நான்கு வாரம் கூடுதல் பலம் தரக்கூடும். அவை வாய்க்காதவர் மலையிறங்கும்போது ரத்தத்தில் கூடியதும் பின்னாலேயே இறங்கிவிடுகிறது.